வலைமூடி போட்ட நெருப்பு

என் பிரியமுள்ள மச்சான் குமாருக்கு,

நீ போனபின் இரண்டு பொங்கல் எங்கள் சிதம்பரம் வீட்டுக் கொல்லையில் நெருப்பில்லாமல் போயின. இந்த வருஷம் மறுபடி போட்டோம். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கேட்டது உன் மகள் கயல். பெங்களூர் வேலைக்குப் போனதிலிருந்து சிநேகிதிகளோடு மலை ஏறுகிறாள், கூடாரம் போடுகிறாள். நெருப்பு விஷயத்தில் அப்படியே நீ. "மாமா, காணும் பொங்கலுக்கு வரோம். அப்பா இருந்தப்ப மாதிரி கொல்லையில உக்காரலாம். சாமான் மட்டும் பாத்து வாங்கிடுங்க" என்று போன் செய்தாள். சரி என்றேன். ஆனால் உன் தங்கை செல்வி மூன்று வருஷமாகப் பொழுது சாய்ந்தால் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அதன் முழுக்கதை உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

உனக்குச் சாமான் எதுவும் தேவைப்பட்டதில்லை. பழைய லாரி ரிம் ஒன்று, நாலு செங்கல், காய்ந்த சவுக்கு விறகு, அவ்வளவுதான். சிப்காட்டில் ஷிப்ட் முடித்து, கடலூரில் பஸ் ஏறி வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் விறகு அடுக்க உட்கார்ந்துவிடுவாய். எனக்குக் கல்யாணமான புதிதில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் தார்ப்பாயைக் கட்டிக் கூடாரம் போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? நான் பெருமையாகத் தூக்கிவந்த பெட்ரோமாக்ஸ் கடற்காற்றில் ஐந்து நிமிஷம் தாங்கவில்லை. உள்ளே எரிகிற மேண்டில் வலை பொடியாக உதிர்ந்தது. "மாப்ள, இது கல்யாண ஊர்வலத்துக்குத்தான் ஆவும்" என்று விழுந்து விழுந்து சிரித்தாய்.

இந்த முறை நான் அவசரப்படவில்லை. கடலூரில் ஒரு கடையில் அரை நாள் நின்றேன். இருப்பதிலேயே பெரிய விளக்கைக் கடைக்காரர் போட்டுக் காட்டினார், கண் கூசியது. முன்பு நான் கொல்லையில் ஃபோகஸ் லைட் கட்டியபோது, "இங்க என்ன வாலிபால் மேட்சா நடக்குது?" என்று நீ கேட்டாயே. அதனால் மஞ்சள் வெளிச்சம் தருகிற, கொக்கியில் மாட்டும் சார்ஜ் லைட் இரண்டு எடுத்தேன். முருங்கை மரத்துக்கு ஒரு சோலார் பல்பு சரம். அப்புறம் ஃபயர் பிட், அதாவது கால் வைத்த இரும்புச் சட்டி. திறந்ததும் இருந்தது, கம்பிவலை மூடி போட்டதும் இருந்தது. எது நல்லது என்று கயலுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"மூடி இருக்கறதே வாங்குங்க மாமா. அப்பா முந்திரி ஓட்டப் போட்டு அத்த கையில தெறிச்சிச்சே, மறந்துட்டீங்களா?"

மறப்பேனா? அந்த ஓட்டைப் போட்டது நீ இல்லையே மச்சான். மூன்று வருஷம் முந்தி, அந்தக் காணும் பொங்கலன்று விறகு பனியில் நனைந்து பிடிக்க மறுத்தது. பண்ருட்டிப் பக்கம் சூளைக்கு முந்திரி ஓடு எரிப்பதைப் பார்த்த தைரியத்தில், நீ வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும், மற்றவர்கள் கவனிக்காத நேரத்தில் ஒரு முறம் அள்ளிக் கொட்டினேன். ஓட்டுக்குள் இருந்த எண்ணெய் வெடித்துத் தெறித்து, செல்வியின் முழங்கை வரை கொப்புளம். "யாரு போட்டது?" என்று அவள் கத்தினாள். நான் முறத்தைப் பின்னால் மறைத்தேன். நீதான் சட்டென்று, "நான்தாம்மா" என்றாய்.

ஏன் சொன்னாய்? அத்தனை பேர் நடுவில் வீட்டு மாப்பிள்ளையின் மரியாதை போகக் கூடாது என்றா? அவள் உன்னோடு பேச்சை நிறுத்தினாள், உன் போனை எடுக்கவில்லை. ஒன்பதாம் நாள் உன் நெஞ்சு நின்றுவிட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போன கோழை நான்.

மூடி போட்டதையே வாங்கினேன். காணும் பொங்கல் சாயங்காலம் சவுக்கு நன்றாகப் பற்றிக்கொண்டது. கயலும் மற்றவர்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். செல்வி மட்டும் அடுப்பங்கரையை விட்டு வரவில்லை. நான் உள்ளே போனேன்.

"அன்னிக்கி ஓட்டப் போட்டது நான் செல்வி. உங்கண்ணன் இல்ல."

அவள் அடுப்பை அணைத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் எதுக்குங்க எங்கண்ணன்கிட்ட பேசாம இருந்தேன்?"

அவள் கொல்லைக்குப் போய் உன் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கயலு, அன்னிக்கி அந்த ஓட்டப் போட்டது உங்கப்பா இல்லடி. மாமாதான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். பிறகு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இன்றோடு ஆறு நாள், என்னோடு ஒரு வார்த்தை இல்லை. சோறு மட்டும் வருகிறது. ஆனால் மச்சான், மூன்று வருஷமாக உன் பெயரையே எடுக்காதவள், இப்போது கீரைக்காரம்மாவிடம்கூட உன்னைப் பற்றிப் பேசுகிறாள். "எங்கண்ணன் அப்பிடித்தான், மத்தவங்க பழியத் தூக்கித் தலையில வச்சிக்கும்" என்கிறாள். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் உறுதி. இனி ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் அங்கே நெருப்பு எரியும். அதில் என்ன தப்பு நடந்தாலும், அது என் பெயரிலேயே நடக்கும்.

உன் தங்கச்சி வீட்டுக்காரன்,
உன் மாப்ள சேகர்