பங்குனியில் உள்ளே இருந்தவனுக்கு

இன்று அறுபத்து மூவர் திருவிழா. வடக்கு மாட வீதியில் நின்று நீர்மோர் குடித்துக்கொண்டிருந்தேன். "திருடர்கள் ஜாக்கிரதை, பர்ஸ் பத்திரம்" என்று ஒலிபெருக்கி கத்தியது. எல்லோர் கையும் சட்டைப்பைக்குப் போனது. எனக்கு உன் நினைவு வந்தது.

அறுபதுகளின் கடைசியில், ஒவ்வொரு பங்குனியிலும் தேருக்கு முதல் நாள் இஸ்திரி வண்டியை மூடிவிட்டு நீயே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடப்பாய். பட்டியலில் உள்ள பழைய பிக்பாக்கெட்டுகளைத் திருவிழா முடியும்வரை லாக்கப்பில் வைப்பது அவர்கள் வழக்கம். தெருவில் வைத்து இழுத்துப்போனால் மகள் பார்த்துவிடுவாளே என்று முந்திக்கொள்வாய். "மாமியார் வூட்டுக்குப் போறேன் வாத்யாரே, சோறு எட்த்துகினு வா."

பதினேழு வயதில் ஒரே ஒரு பர்ஸ். இருவரும் சேர்ந்து எடுத்தது. நான் ஓடிவிட்டேன், நீ அகப்பட்டாய். என் பெயரை நீ சொல்லவில்லை. நான் வெள்ளைச் சட்டை குமாஸ்தா ஆனேன்; நீ கேடி ஆனாய்.

மகள் பாப்பாவைத் தோளில் தூக்கிச் சாமி காட்ட வேண்டும் என்பதுதான் உன் ஆசை. அதற்காக, பட்டியலிலிருந்து உன் பெயரை நீக்கச் சொல்லி ஏழு மனு எழுதினேன். லஸ் நடைபாதையில் வாங்கிய அட்டையில்லாத ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்து, "ஒருவன் செய்தது மட்டும் அவனைக் குற்றவாளி ஆக்குவதில்லை, ஊர் வைக்கும் பெயரும் சேர்ந்துதான் ஆக்குகிறது" என்று உனக்கு விளக்கினேன். "இத்த அந்த இன்ஸ்பெக்டராண்ட சொல்லு, எனக்கு இன்னாத்துக்கு?" என்றாய்.

ஒரு வருடத் திருவிழாவில் நீ உள்ளே இருந்தபோதே வெளியே பர்ஸ்கள் பறிபோயின. இனியாவது விடுவார்கள் என்று நம்பினேன். இன்ஸ்பெக்டரோ, "உள்ள குந்திகினே ஆள் அனுப்பினியாடா?" என்றார்.

"ஆமா சார், உங்க ஜீப்புலதான்."

அறை விழுந்தது. சோறு கொண்டுவந்திருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பழைய பர்ஸில் நானும் கூட்டு. என் பெயரையும் எழுதுங்கள்" என்றேன். அவர் சிரித்தார். "போங்க சார். உங்களப் பாத்தா திருடன் மாதிரியா கீது?"

கம்பிக்குப் பின்னால் நீ கன்னத்தைத் தடவிக்கொண்டே, "பாப்பாவ இட்டுகினு போ வாத்யாரே, சாமி கெளம்பிடும்" என்றாய்.

அந்த வருடமும் அவளை நான்தான் தூக்கிப் போனேன். "வழி வுடுங்கப்பா, சார் கொழந்தையோட வராரு" என்று ஒரு போலீஸ்காரர் கூட்டத்தை விலக்கிவிட்டார்.

நீ போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடமாகிறது. ஏழு மனுவுக்கும் பதில் வரவில்லை; இப்போதாவது உன் பெயரை நீக்கச் சொல்லி எட்டாவதும் அனுப்பிவிட்டேன். உன் தோளில் உட்கார வேண்டிய பாரம் இன்னும் என் தோளில்தான் இருக்கிறது.