உள்பக்கத் தாழ்ப்பாள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று அரை நாள் வேலை கெட்டது. தச்சு வேலை, குழாய் வேலை, கரண்ட் வேலை செய்கிறவர்களை எல்லாம் நகராட்சி ஹாலில் உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். உதவி மையத்து மேடம் பேசினார். வீட்டுக்குள் அடி, வதை நடந்தால் அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாது, உள்ளே போய் வேலை செய்கிற உங்கள் கண்ணில் படும், அதனால் பார்த்தும் பார்க்காத மாதிரி வந்துவிடாதீர்கள் என்றார். ஆளுக்குப் பத்து கார்டு. கார்டில் ஒரு போன் நம்பர் மட்டும். சந்தேகம் வந்தால் யாரும் பார்க்காமல் கையில் கொடுக்க வேண்டுமாம்.

அடுப்பு ரிப்பேர் செய்கிறவர், ஆம்பளை அடி வாங்கினால் எந்த நம்பர் என்று கேட்டார். ஹாலே சிரித்தது. நான்தான் சத்தமாகச் சிரித்தேன். மேடம் சிரிக்கவில்லை. "இதே நம்பர்தான்" என்றார்.

எனக்கு எதற்குப் பயிற்சி? பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அக்காவை அவள் புருஷன் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தவளே நான்தான். கதவின் கீலைக் கழற்றி உள்ளே போனேன். அடிக்கிறவன் மூஞ்சி எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

மார்ச் 9, திங்கள்

புது வாடிக்கை. ஒரு டீச்சரம்மா. கதவு மாட்டத்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள், இவர் கழற்றக் கூப்பிட்டார். படுக்கையறைக் கதவு. காற்று வரவில்லையாம். சின்ன உருவம், என் தோள் உயரம்கூட இல்லை. குரல் தேன். "ஆம்பள யாரும் வரலையா?" என்று கேட்காத முதல் ஆள். அதற்காகவே பிடித்துப்போனது.

புருஷன் ஆறடிக்கு மேல். இந்த வெயிலில் முழுக்கை சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். வேலை முடியும் வரை என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். கடைசிக் கீல் கழன்றதும் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். விடச் சொன்னேன். விடவில்லை. கதவின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. டீச்சர் வந்து, "விடுங்க, பாவம் அவங்க" என்றதும் விட்டார்.

மார்ச் 21, சனி

டீச்சர் வீடு. சமையலறை, சாமான் அறை, இரண்டு கதவும் கழற்றியாச்சு. அவருக்குத்தான் கதவே ஆகாது, அடைத்தால் கோபம் வரும் என்று டீச்சர் மெதுவாகச் சொன்னார். கதவில்லாத வீட்டில் குழாய் சொட்டுவதுகூட எல்லா அறையிலும் கேட்கிறது. கூடத்து நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தால் வீட்டில் எந்த மூலையும் தப்பாது. வேவு பார்க்கிற நாற்காலி. கடன்காரன், பெண்டாட்டியை இப்படியா காவல் காப்பான்?

ஏப்ரல் 2, வியாழன்

குளியலறைக் கதவு.

நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்டேன். அவருக்கு மயக்கம் வருகிறதாம், உள்ளே விழுந்துவிட்டால் என்ன செய்வது என்றார் டீச்சர். சொல்லும்போது புடவைத் தலைப்பு நழுவியது. முன்கையில் நீளமாகக் கன்றிப்போயிருந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். மூடிக்கொண்டார்.

அவ்வளவுதான். கார்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டேன். அவர் மறைக்கவில்லை. அங்கேயே விரலை விரித்து, முன்னும் பின்னும் நிதானமாகத் திருப்பிப் பார்த்தார்.

"நாம சொன்னா, நம்புவாங்களா?" என்று கேட்டார்.

நம்புவார்கள் என்றேன். சிரித்தார். மூக்குக் கண்ணாடிக் கூட்டில் கார்டை வைத்து மூடினார். அப்போதுதான் திரும்பினேன். புருஷன் அந்தக் கண்ணாடிக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

பழைய கதவுகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்ததால் இதையும் வண்டியில் ஏற்றினேன். புருஷன் வாசல் வரை வந்தார். முதல் தடவையாக அந்தக் குரலைக் கேட்டேன்.

"இந்தக் கதவ இழைச்சிடாதீங்க."

கெஞ்சலா, மிரட்டலா? மிரட்டல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். போடா நீ சொல்லி நான் கேட்கவா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

டீச்சர் போன் பண்ணினாரா என்று அக்கா மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

ஏப்ரல் 6, திங்கள்

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

காலையில் பட்டறையில் குளியலறைக் கதவை மேசையில் கிடத்தினேன். இழைப்புளியை எடுத்துவிட்டேன். பெயின்டைச் சுரண்டலாம் என்று உள்பக்கத்தைத் திருப்பினால், தாழ்ப்பாள். அதன் திருகாணிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. பழைய துளை பிய்ந்து, நீளமான ஆணி போட்டு, அதுவும் பிய்ந்து, அதைவிட நீளமாகப் போட்டிருக்கிறது. யாரோ வெளியிலிருந்து தள்ளித் தள்ளிப் பிய்த்திருக்கிறார்கள். யாரோ உள்ளேயிருந்து திரும்பத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். திருப்புளியால் இல்லை, கத்தி முனையால். ஆணித்தலை எல்லாம் மழுங்கிக் கிடக்கிறது.

பாவம் டீச்சர் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அப்புறம் கறையைப் பார்த்தேன். கதவின் உள்பக்கம், நடுவில், தலையெண்ணெய்க் கறை. ஒரு நாள், இரண்டு நாள் கறை இல்லை. பெயின்டே கறுத்து வழவழவென்று இருந்தது. உள்நோக்கித் திறக்கிற கதவு அது. யாரோ தரையில் உட்கார்ந்து, முதுகால் கதவுக்கு முட்டுக் கொடுத்து, தலையைச் சாய்த்துச் சாய்த்து வந்த கறை. டேப் பிடித்தேன். கதவின் அடியிலிருந்து முப்பத்து நான்கு அங்குலம்.

பழக்கதோஷம், அளந்ததைச் சரிபார்க்காமல் விட மாட்டேன். கதவைச் சுவரில் நிறுத்தி, தரையில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்தேன். என் தலை கறைக்கு ஐந்து அங்குலம் கீழே நின்றது. டீச்சர் என்னைவிடக் குட்டை.

என் தலைக்கு மேலே அந்தக் கறை இருக்கிறது, யாரோ என் பின்னால் உட்கார்ந்து மூச்சு விடுகிற மாதிரி முதுகெல்லாம் சில்லிட்டது. ஆறடி ஆள் உட்கார்ந்த இடம் அது. எத்தனை நாள்? எத்தனை மணி நேரம்?

அடிப்பாவி, யாருகிட்ட கார்டு குடுத்துட்டு வந்திருக்கே? யாருக்கு வழி காட்டிட்டு வந்திருக்கே நீ?

ஏப்ரல் 7, செவ்வாய்

மேடத்துக்குப் போன் செய்யப் போனை எடுத்தேன். அதற்குள் அதுவே அடித்தது. டீச்சர்.

கார்டில் இருந்த நம்பருக்குப் பேசிவிட்டாராம். வெள்ளிக்கிழமை மையத்திலிருந்து வருகிறார்களாம். புருஷன் உங்களை எப்படி முறைத்தார், கதவை விடாமல் எப்படி வம்பு செய்தார், அதையெல்லாம் நீங்கள் சாட்சி சொன்னால் போதும் என்றார். பாடம் நடத்துகிற நிதானம். அதோடு இன்னொரு வேலை: வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு, இரண்டு பக்கமும் சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும், சாவி ஒன்றே போதும்.

"நாளன்னிக்கு வந்துடுங்க. உங்களத்தான் நம்பியிருக்கேன்."

அவர் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். பிறகு மேடத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன், என் மடத்தனம் உட்பட. திட்டவில்லை. எங்கள் படிவத்திலேயே அடித்தவர் என்ற இடத்தில் 'கணவர்' என்று அச்சடித்துத்தான் வைத்திருக்கிறோம், உங்களை என்ன சொல்வது என்றார். யார் முதலில் புகார் சொன்னார்கள் என்று பார்க்க மாட்டோம், யார் யாரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்போம் என்றார். ஆனால் புருஷன் வாய் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் அடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் விழும். அவரைத் தனியாக இரண்டு நிமிடம் பிடிக்க முடியுமா என்று கேட்டார். நான் பூட்டை மாட்டப் போகாவிட்டால் வேறொருவன் மாட்டுவான். போகிறேன் என்றேன்.

ஏப்ரல் 9, வியாழன்

பூட்டை மாட்டினேன். மாட்டும்போது டீச்சர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரை நகர்த்த எனக்கு என் தொழில்தான் கைகொடுத்தது. கதவு நிலையில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க ஒருத்தர் உள்ளே நின்று வெளிச்சம் எங்கே கசிகிறது என்று சொல்ல வேண்டும், வெளியே இழுத்துப் பிடிக்கப் பலமான ஆள் வேண்டும். இது பொய்யில்லை. டீச்சர் யோசித்தார். சரி என்று உள்ளே நின்றார். நானும் அவர் புருஷனும் வெளியே. கதவை இழுத்துச் சாத்தினேன். பூட்டு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டாமா? சாவியைத் திருப்பினேன்.

"இழைச்சிட்டீங்களா?" அதுதான் அவர் முதல் கேள்வி.

"இல்ல. உட்கார்ந்து அளந்தும் பார்த்துட்டேன். அது நீங்கதான்னு தெரியும்."

அவர் சட்டைக் கைப்பொத்தானை அவிழ்த்தார். நான் கேட்கவில்லை. முழங்கை வரை கரண்டிக் காம்பின் அகலத்தில் சூட்டுத் தழும்புகள், கோடு போட்டு எழுதின மாதிரி வரிசையாக. ரெண்டு வருஷமாக முழுசாத் தூங்க விட்டதில்லை என்றார். வேண்டாம் என்று சொல்லும் உரிமை படுக்கையில்கூடக் கிடையாதாம். அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்தார்.

"என் உடம்பப் பாருங்க. நான் சொன்னா யாரு நம்புவா?"

"நான் நம்புறேன். நாளைக்கு வர்றவங்க தனியாக் கேட்பாங்க. இந்தக் கையைக் காட்டுங்க, போதும்."

உள்ளேயிருந்து டீச்சர் கதவைத் தட்டவில்லை. கத்தவில்லை. புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், குழந்தையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில். ஒரு தடவை. இரண்டு. மூன்றாவது தடவைக்குள் அவர் கை தானாகப் பொத்தானைப் போட்டுவிட்டது. கண் என் மேல் இருக்கிறது, கால் கதவை நோக்கிப் போகிறது.

"தொறங்க. சீக்கிரம் தொறங்க."

இப்படியே நடந்துவிடுங்கள், என் வண்டி தெருமுனையில் நிற்கிறது என்றேன். தலையாட்டி மறுத்தார். சாவி என் கையில். திறந்தேன். டீச்சர் கதவுக்கு ஒரு சாண் தள்ளி, சிரித்தபடி நின்றார்.

"கீழ்ப்பக்கம் கொஞ்சம் வெளிச்சம் தெரியுது" என்றார்.

ஏப்ரல் 10, வெள்ளி

உளியை எடுத்துவிட்டு எதற்கு எடுத்தேன் என்று நின்றேன், நாள் முழுக்க. மாலை மேடம் கூப்பிட்டார். முதல் ஒரு மணி நேரம் புருஷன் வாயே திறக்கவில்லையாம். கடைசியில் எழுந்து சட்டையைக் கழற்றியிருக்கிறார். டீச்சரின் கைக்காயம் கதவைத் தள்ளிப் பட்டதாக இருக்கலாம், அதையும் டாக்டர் பார்ப்பார், அவரையும் ஒதுக்கிவிட மாட்டோம் என்றார். நியாயம்தான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

புருஷனைத் தங்க வைக்க மையத்தில் இருப்பது பெண்கள் விடுதி ஒன்றுதான். ஆண்களுக்கு இடமில்லை. பட்டறைக்கு மேலே மரம் அடுக்கும் அறை காலிதானே என்றாள் அக்கா. ஆம்பளை வாடையே வேண்டாம் என்று பன்னிரண்டு வருடம் இருந்தவள். நான் அவளையே பார்த்தேன். "என்ன பாக்குற? போய்ப் பெருக்கு" என்றாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மேல் அறைக்கு வந்ததிலிருந்து அவர் எல்லாவற்றுக்கும் கேட்கிறார். உட்காரட்டுமா? விளக்கைப் போடட்டுமா? கேட்டுவிட்டு, பதில் வரும் வரை நின்ற இடத்தில் அப்படியே நிற்கிறார். நேற்று நான் ரம்பம் ஓட்டிக்கொண்டிருந்ததில் அவர் கேட்டது காதில் விழவில்லை. நிறுத்தித் திரும்பினால் பின்னால் நிற்கிறார், எவ்வளவு நேரமாகவோ. தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்க வந்தாராம். தூக்கிவாரிப் போட்டது. பயந்தது அவரைப் பார்த்து இல்லை.

ஏப்ரல் 23, வியாழன்

தினமும் காலை ஒன்பதுக்குப் பட்டறை போன் அடிக்கிறது. டீச்சர். திட்டுவதில்லை. "அவர் சாப்பிட்டாரா?" என்கிறார். அவ்வளவுதான். மையத்தில் சொல்லியும் நிற்கவில்லை. மணி அடித்ததும் அவர் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்கிறார். அது ஓய்ந்த பிறகுதான் உட்காருகிறார்.

மே 14, வியாழன்

மழை வரும்போல் இருந்தது, வரவில்லை. அலமாரி வேலை பாதி முடிந்தது. அவர் விளிம்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார், சட்டைக் கையை மடித்துவிட்டு.

எழுந்து பானைப் பக்கம் போனார். நான் கேள்விக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அவரே மொண்டு, வாயில் வைத்தார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மணி ஒன்பது. டம்ளர் வாயிலேயே நின்றுவிட்டது. நான் போனை எடுக்கவில்லை, அவரைப் பார்க்கவும் இல்லை. மேசையில் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன், ஒரே கோட்டின் மேல் திரும்பத் திரும்ப. அது அடித்துக்கொண்டே இருந்தது.

அவர் மீதித் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.