வாட்ச்சுக்குச் சாவி கொடுத்தது யார்?

அன்புள்ள அப்பா,

முட்டிவலி பரவாயில்லையா? கல்பாக்கத்தில் எனக்கு ஒரு குறையுமில்லை, ஒரு சந்தேகத்தைத் தவிர.

உங்கள் வாட்ச்சை ரூமிலேயே வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். சாயங்காலம் வந்ததும் சாவி கொடுப்பேன். இப்போதெல்லாம் இரண்டு சுற்றிலேயே இறுகிவிடுகிறது. எனக்கு முன்னால் யாரோ கொடுத்திருக்கிறார்கள்! பகலில் ரூமில் இருப்பது என்னோடு தங்கியிருக்கும் நைட் ஷிஃப்ட் தமிழரசி மட்டும்தான். கட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறாளோ?

நேற்று சொல்லாமல் சீக்கிரம் வந்து பிடித்துவிட்டேன். வாட்ச்சைக் காதோரம் வைத்துப் படுத்திருந்தாள்.

"நீ வேலைக்குப் பூட்டா ரூமு வெறிச்சுனு கீதுடி. இந்தச் சத்தமும் நின்னுடப் போவுதுன்னுதான் சாவி குடுத்தேன்."

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள், அவளுக்கும் சேர்த்து. பஸ் வந்துவிட்டது.

வாட்ச்சை என்னிடம் கொடுத்த பிறகும் தனியாக நன்றாகத் தூங்குகிறேன் என்றீர்களே, அதை நான் நம்பவில்லை.

வைஷாலி