கிரகணத்தன்று பால் வெட்டியவள்

அக்கா,

நேற்று ருவான்வெல்லை பஸ்ஸில் ஒருவர் ஒட்டுப்பால் மூட்டையோடு ஏறி, அதை என் காலடியிலேயே வைத்துவிட்டார். மரத்திலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் ரப்பர் பாலின் நாற்றம் உனக்குத் தெரியாததா? "ஹரி கந்தய்", ஒரே நாற்றம் என்று முன் சீட்டில் இருந்த சிங்கள அம்மா மூக்கைப் பொத்தினார். நான் பொத்தவில்லை. சவக்காரம் போட்டுத் தேய்த்துக் குளித்தாலும் உன் கழுத்தைவிட்டுப் போகாத வாடை அது. ஆசையாக முகர்ந்தேன் என்று நினைத்துவிடாதே. கோபம்தான் வந்தது. நீ போய் ஒரு வருடமாகப் போகிறது, உன்மேல் இருக்கிற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீ பிள்ளையைச் சுமந்திருந்த காலத்தில் ஒருநாள் காலையில் சூரிய கிரகணம். உனக்கு ஏழு மாசம். வயிற்றுப்பிள்ளைக்காரி கிரகணத்தில் வெளியே வரக்கூடாது, கத்தியெடுத்து எதையும் வெட்டக்கூடாது என்பது தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நீ லீவு கேட்டாய். "மரம் லீவு போட்டா நீயும் போடு" என்று சிரித்தாராம் வேலையை மேற்பார்க்கிற தோட்டத்துக் கண்டக்டர். போகாவிட்டால் அன்றைய பேர் விழாது, சம்பளமும் கிடையாது. உன் மாமியார்தான் தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "வெரசா வெட்டிட்டு வந்துரு" என்று அனுப்பிவைத்தார். நீயும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு போய் கத்தியால் மரம் மரமாகப் பட்டை சீவிப் பால் வெட்டினாய்.

பிள்ளை பிறந்தது. முதுகு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. நெஞ்சுப் பக்கத்து முள்ளெலும்பு ஒன்று பாதிதான் வளர்ந்திருக்கிறது, பக்கத்தில் இரண்டு ஒட்டிப்போயிருக்கின்றன என்று படம் பிடித்துப் பார்த்த டாக்டர் சொன்னார். உன் மாமியாருக்கு அப்போதுதான் கிரகணம் ஞாபகம் வந்தது. "வவுத்துல புள்ளய வச்சிக்கிட்டு கத்தி புடிச்சா, புள்ள முதுகுலதான் வெட்டு விழும்" என்றார். அதோடு உன் பெயரே மாறிப்போனது. கிரகணத்துல பால் வெட்டுனவ. கண்டக்டரை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிற எனக்கு இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? லயத்துக்கு வந்தேன். நீ ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாய். ஒரு பிடி மாவை வாங்கி நீளமாக உருட்டி, தலைப்பக்கத்திலிருந்து கணு கணுவாகக் கிள்ளிக் காட்டினேன். வயிற்றில் கருமுளையம் ஒரு அரிசியளவு இருக்கும்போதே முதுகு இப்படித்தான் தலையிலிருந்து கீழ்நோக்கிச் சோடி சோடியாகப் பிரிகிறது என்றேன். ஜீன் என்கிற பரம்பரையலகுகள் சில மணிக்கூடு மாதிரி விழித்து விழித்து அடங்குகின்றன. ஒவ்வொரு தடவையும் ஒரு சோடி கணு. வேறு சில ஒவ்வொரு கணுவுக்கும் இடம் சொல்கின்றன: நீ கழுத்து, நீ விலா தாங்கும் நெஞ்சு, நீ இடுப்பு என்று. அவை குரோமோசோம் என்கிற நிறமூர்த்தத்தில் எந்த வரிசையில் இருக்கின்றனவோ, அதே வரிசையில்தான் உடம்பும் அமைகிறது. கோழிக்கும் மீனுக்கும்கூட அப்படித்தான்.

"அந்தக் கணு பிரியிற நேரத்துல என்னமோ தவறியிருக்கு அக்கா. ஏன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியல்ல. ஆனா எப்பன்னு தெரியும். ரெண்டாம் மாசம் முடியிறதுக்குள்ள. கிரகணம் வந்தது ஏழாம் மாசம்."

"அப்ப நான் கத்தியத் தொடாம இருந்திருந்தாலும்?"

"தொடாம இருந்திருந்தாலும் இப்பிடித்தான்."

உன் முகம் தெளிந்ததை என் கண்ணால் பார்த்தேன். பிறகு அந்த மாவை என் கையிலிருந்து பிடுங்கி மற்ற மாவோடு சேர்த்துப் பிசைந்துவிட்டாய். "காரணமே இல்லாம ஒரு புள்ள இப்பிடிப் பொறக்குமாடி? எம்மேல உள்ள பாசத்துல சொல்ற" என்றாய். பாசமாம்! வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு நான் கரும்பலகையில் எழுதிப்போடுகிற பாடம் உனக்குப் பாசமாகப் போய்விட்டது. மாமியார் வாயில் வந்தது வேதவாக்கு. நீ நம்பினால் போதும், ஊர் என்ன சொன்னாலும் மயிர் போச்சு என்றிருந்தேன். நீ ஊர்ப்பக்கம் நின்றாய்.

போன மழைக்கு எலிக்காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோனது. காரியம் முடிந்ததும் பிள்ளையை என்னோடு கூட்டிவந்தேன். அன்று சாயந்தரம் குளிப்பாட்டி, முதுகுக்குச் சவக்காரம் போட்டேன். தண்ணீர் அள்ளிய கையை அவள் தடுத்தாள்.

"சித்தி, இன்னும் மன்னிப்பு கேக்கல்லியே?"

"எதுக்கும்மா மன்னிப்பு?"

"முதுகுக்கு சவக்காரம் போட்டா அம்மா கேப்பாங்க. 'அம்மா தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிரு'ன்னு. நான் சரின்னு சொன்னாத்தான் தண்ணி ஊத்துவாங்க."

எனக்கு உன்னைத் தோண்டியெடுத்து அறைய வேண்டும்போல் இருந்தது.

"அம்மா ஒரு தப்பும் பண்ணல்ல" என்றேன்.

"அப்ப அம்மா பொய்யா சொன்னாங்க?"

பாடம் எனக்கு மனப்பாடம். ஆனால் நீ குற்றவாளி இல்லை என்று சொல்ல வேண்டுமானால், நீ பொய்க்காரி என்று உன் மகளிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டில் எதைச் சொல்ல, அக்கா? சவக்காரம் போட்டதும் அவள் இன்னமும் காத்துக்கொண்டு நிற்கிறாள். நேற்றும் அவள் 'சரி' சொல்லக் காத்து நிற்கும்போதே நான் தண்ணீரை ஊற்றினேன்.