மூன்று பேராகக் கிளம்பாதீர்கள்

ஜீவனஹள்ளி, பெங்களூரு
வியாழக்கிழமை

அன்பு மகள் ருக்குவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத வந்தேன், எல்லாரும் என்றால் நான் ஒருத்திதானே, சுகமாகத்தான் இருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் நீயும் மாப்பிள்ளை அஷ்வத்தும் பேத்தி அனுஷாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை. போனில் பேசினால் நான் வாயைத் திறப்பதற்குள் பயப்படாதேம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு லட்சுமம்மாவின் மகள் ஸ்னேஹா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள், முழுவதும் படி.

ஞாயிற்றுக்கிழமை நேஷனல் பார்க் போகிறோம் என்று நேற்று நீ சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேஷனல் பார்க் என்றால் எனக்குத் தெரிந்தது பன்னேர்கட்டாதான், கம்பி போட்ட பஸ்ஸில் உட்கார்ந்து நாம் புலியைப் பார்ப்போம், அது நம்மைச் சட்டை பண்ணாமல் தூங்கும். உங்கள் ஊரில் புலி இல்லையாம், கடலோரப் பாறை மேல் நாள் முழுக்க நடப்பதாம், கடலில் திமிங்கலம் போவதைப் பார்ப்பதாம். கம்பி இருக்கிறதா என்று கேட்டால் சிரிக்கிறாய். புலிக்காவது கம்பி உண்டு, பாறை விளிம்புக்கு யார் போட்டார்கள்? அனுஷா ஒரு இடத்தில் நிற்கிற பெண்ணா, அவள் கையை விடாதே. அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட்டோவுக்கு நிற்காதீர்கள். புளிசாதம் கட்டிக்கொள், போகிற இடத்தில் கடை இருக்குமோ இருக்காதோ. ஸ்னேஹா போனில் உங்கள் ஊர் காற்று மழையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தாள், காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் இங்கே மழை வந்து மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் நனைந்ததைக் கவனிக்கவில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, நீங்கள் கிளம்புவது மூன்று பேர். மூன்று பேராகக் கிளம்பக்கூடாது, நாலாவதாக ஒரு கல்லையாவது கூட்டிக்கொள் என்று நம் வீட்டில் சொல்லாத நாள் உண்டா. நீ ஒற்றைப் பிள்ளை, நாம் எங்கே போனாலும் மூன்று பேர்தான். லால்பாக் போனால்கூட உன் அப்பா வாசலில் ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கி, வாப்பா நீயும் என்று சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், திரும்பி வந்ததும் துளசித் தொட்டியில் போடுவார். அவர் போனபிறகு அந்தக் கற்கள் சும்மா கிடக்கின்றன, ஒருத்தியாகப் போய்வருகிறவளுக்குக் கல் எதற்கு. நேற்று உனக்குக் கல்லை ஞாபகப்படுத்தினால், அந்தப் பார்க்குல ஒரு கிளிஞ்சல்கூட எடுக்கக்கூடாதும்மா, ரூல்ஸ் என்கிறாய். அப்படியானால் உங்கள் தெருவிலேயே ஒன்று எடு என்றேன், பாக்கலாம் என்றாய். உன் பாக்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று பெற்றவளுக்குத் தெரியாதா.

சரி, நானே அனுப்புகிறேன் என்று தொட்டியிலிருந்து ஒரு கல்லைக் கழுவித் துணியில் முடிந்து, நாளைக்கு உங்கள் ஊருக்குப் புறப்படுகிற கீழ்வீட்டு ஆம்ப்ரோஸிடம் கொண்டுபோனேன். அக்கா, அங்க ஏர்போர்ட்டுல செருப்புல மண்ணு ஒட்டியிருந்தாகூட நிக்க வெச்சுக் கேப்பான், என்னை மாட்டி வுடாதீங்க என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த லட்சுமம்மா, கல்லு யாக்கே, நீனே ஹோகு என்றாள். கல் எதற்கு, நீயே போ என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. விசா வந்து பெட்டியில் தூங்குகிறது. மாப்பிள்ளை எனக்காக இதே பார்க்கை இரண்டு தடவை தள்ளிவைத்தார். ஒரு தடவை ஆடி மாதம் என்றேன், ஒரு தடவை முட்டி வலி என்றேன். காரணம் ஆடியும் இல்லை முட்டியும் இல்லை கண்ணு. வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தால் உன் அப்பா வாசலில் நிற்பார் என்று ஒரு நினைப்பு. பைத்தியக்கார நினைப்புதான், ஆனாலும் பூட்டைக் கையில் எடுத்தால் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுகிறேன்.

இன்று காலை அந்தக் கல்லைத் திரும்பத் தொட்டியில் போட்டேன். போட்ட கையோடு லட்சுமம்மாவிடம் போய், சாயங்காலம் சாயங்காலம் வந்து கதவைத் திறந்து விளக்கு ஏற்றுவாயா என்று கேட்டேன். இதைக் கேட்க இத்தனை நாளா என்று திட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள். உன் அப்பா வெளியே நிற்க வேண்டியதில்லை. இங்கே போனைப் பார்த்துக்கொண்டு பயப்படுவதைவிட, அங்கே வந்து அனுஷாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு பயப்படலாம்.

டிக்கெட் போடச் சொல்லு. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், அனுஷாவுக்கு முத்தம், மூன்று பேரும் தீர்க்காயுசாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே, இந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்குக்குப் போகாதே. நான் வருவதற்குள் திமிங்கலம் போய்விட்டாலும் போகட்டும், நான் கடலைப் பார்த்துக்கொள்கிறேன். கல்லும் தேட வேண்டாம்.

உன் நாலாவது ஆள்,
அம்மா
சீதாலட்சுமி