ஒத்த ஆளு போதும்

மார்ச் 3

காலையில் பல் ஆஸ்பத்திரியின் மொட்டைமாடியை அளந்தேன். டேப்பின் ஒரு முனையைச் செங்கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு, மறுமுனையை இழுத்துக்கொண்டு நடந்தேன். முன்பெல்லாம் அந்த முனை மச்சினன் கையில் இருக்கும்.

"எத்தனை பேர் வருவீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒருத்தர்தாங்க."

"இவ்வளவு பெரிய மாடிக்கா?"

நெருப்பு கிடையாது, டப்பாவில் வருகிற பூச்சை ரோலரால் தடவினால் ரப்பர் மாதிரி காய்ந்துவிடும், பிறகு சொட்டுத் தண்ணீர் இறங்காது என்று விளக்கினேன். வாய் மட்டும் நன்றாகத்தான் இருக்கிறது எனக்கு.

மார்ச் 5

இன்று யாரிடமும் பேசவில்லை. கடைக்காரரிடம் "பை வேண்டாம்" என்றேன். அது பேச்சுக் கணக்கில் சேருமா?

மார்ச் 8

ஞாயிறு. வேலை இல்லை. வீட்டில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் எதிர் நாற்காலி காலி.

பதினெட்டு வருடம் நானும் மச்சினனும் ஒழுகும் மாடிகளில் தார் ஷீட் ஒட்டினோம். அவன் சுருளை விரித்துக்கொண்டே போவான், நான் கேஸ் பர்னரால் அடிப்பக்கத்தை உருக்கிக்கொண்டே போவேன். ஒருவர் கை மாறினாலும் ஷீட் கோணிக்கொள்ளும். என் மனைவி, அவன் அக்கா, இறந்து நான்கு மாதத்தில் பர்னரை மூலையில் வைத்துவிட்டு ரோலரை எடுத்தேன். அவனுக்குப் பொறுக்கவில்லை. "தண்ணி மாதிரி இருக்கிறத ஊத்தித் தண்ணிய நிறுத்தப் போறீங்களாக்கும்?" என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இதுக்கு ஒத்த ஆளு போதும்டா!"

வேலையைத்தான் சொன்னேன். சத்தியமாக வேலையைத்தான். அவன் முகம் சுருங்கிப்போனது. "அக்கா போனதும் நானும் வேண்டாதவனாயிட்டேன், இல்ல மாமா?"

ஒன்பது மாதம் ஆகிறது. நான் ஏன் மாறினேன் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

மார்ச் 11

அடிப்பூச்சு ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் வலைத்துணியை விரித்துவிட வேண்டும். ஒரே காற்று. இந்த முனையை அழுத்தினால் அந்த முனை எழுந்துகொள்கிறது. "மாப்ள, பிடிடா!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். தண்ணீர்த் தொட்டிதான் கேட்டது.

மார்ச் 12

சிரிப்பதா அழுவதா!

கடைசிப் பூச்சு. ஆஸ்பத்திரிக்கு விடுமுறை, கீழே ஒருவரும் இல்லை. குழாய்களைச் சுற்றித் தடவுகிற மும்முரத்தில் தொட்டி மூலைவரை போய்விட்டேன். நிமிர்ந்து பார்த்தால் படிக்கதவு முப்பதடி தள்ளி இருக்கிறது. நடுவில் முழுக்க ஈரம். அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான். கதவு அந்தப் பக்கம் என்று சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் —

மிதித்தால் செய்ததெல்லாம் பாழ். காய நாலு மணி நேரம் ஆகும். தண்ணீர் பாட்டில் கதவருகே. வெயில் மண்டையைப் பிளந்தது. போன் மட்டும் சட்டைப்பையில் இருந்தது. யாரைக் கூப்பிட? தேடிப் பார்த்தால் எல்லாம் மாடி ஒழுகுகிறவர்களின் நம்பர்.

இரண்டே ரிங்கில் எடுத்தான்.

"மாப்ள... மாட்டிக்கிட்டேன்டா. ஈரத்துக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன்."

"எந்த மாடி?" என்று மட்டும் கேட்டான்.

வந்தான். கதவில் நின்று பார்த்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், படுபாவி. "ஒத்த ஆளு போதும்னீங்களே மாமா!" பாட்டிலை வீசினான். பிடித்துக்கொண்டேன். போய்விடுவான் என்று நினைத்தேன். வாசற்படியிலேயே உட்கார்ந்தான்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். முப்பதடி தூரத்துக்குக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அன்னைக்கு மரச்சட்டத்துல தீப்பிடிச்சு உன் சட்டைக்குத் தாவுச்சே... நான் பிடிச்ச பர்னர்டா அது. உங்க அக்கா போய் மூணு மாசங்கூட ஆகல. நீயும் போயிருவியோன்னு பயந்துட்டேன்டா. அப்புறம் அதைத் தொடவே முடியல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா வாயிலிருந்து முத்து உதிர்ந்துருக்குமா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு பூச்சை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான். "இன்னும் ஒட்டுது. உக்காருங்க."

மார்ச் 13

கால் வலி. வேறொன்றும் இல்லை.

மார்ச் 24

நேற்று நல்ல மழை. பல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தோம். உள்கூரையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. "அடுத்த மழைக்கும் பாக்கலாம்" என்றான். வாய்க்கொழுப்பு குறையவே இல்லை.

அங்கிருந்து அச்சகத்து மாடியை அளக்கப் போனோம். பாதியில் போன் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து, வேலைக்கு எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டார்கள்.

"ரெண்டு பேர்ங்க" என்றேன்.

டேப்பின் அந்த முனையைப் பிடித்தபடி அவன் கத்தினான்: "காதுல விழல மாமா, சத்தமாச் சொல்லுங்க!"

மறுபடியும் சொன்னேன்.