அலமாரிக்குப் போட்ட பூட்டு

ஜூன் 3
சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் கொடியில் அவருடைய நீலக்கோடு சட்டை. சொட்டச் சொட்டத் தொங்குகிறது. நாத்தனார் துவைத்துப் போட்டிருக்கிறாள். அவர் உயிரோடு இருந்தபோது கடைசியாகப் போட்டுக் கழற்றியது அது. தினமும் அலமாரியைத் திறந்து அதில் கொஞ்ச நேரம் முகத்தை வைத்துக்கொள்வேன். அவர் வாசனை இருக்கும். இது அவளுக்கு எப்படித் தெரியும்? காலர் கறுத்துப் போயிருந்தது அண்ணி என்றாள்.
பேசியிருந்தால் வாயில் என்ன வந்திருக்குமோ.

ஜூன் 5
துவைக்காதது இன்னும் ரெண்டு இருக்கிறது. பச்சைக் கட்டம், வேலைக்குப் போடுகிற காக்கி. பூட்டு வாங்கப் போகிறேன். வீட்டுக்குள்ளேயே பூட்டா? ஆமாம், பூட்டுதான்.

ஜூன் 6
பஸ் நிறுத்தத்துக்கிட்ட பூட்டு விற்கிறவரிடம் போனேன். இருப்பதிலேயே கனமானதை எடுத்தேன். "கனத்தப் பாத்து ஏமாறாதீங்கம்மா. ஆளு தடியா இருந்தா தைரியசாலியா?" என்றார். வளையம் உள்ளே இறங்குகிற சந்தில் ஒரு தகரத் துண்டை விட்டு நெம்பினார். அத்தனை பெரிய பூட்டு வாயைப் பிளந்துவிட்டது. அமுக்கினாலே பூட்டிக்கொள்கிறதெல்லாம் பெரும்பாலும் இந்த லட்சணம்தானாம். சாவி போட்டுத் திருப்பினால்தான் பூட்டுவேன் என்று அடம்பிடிக்கிறதை வாங்கணுமாம். அப்புறம் சாவியின் பல்லைப் பார்க்கச் சொன்னார். எல்லாம் ஒரே உயரமாக இருந்தால் சின்னக் கம்பிக்கே படிந்துவிடுமாம். மேடும் பள்ளமுமாகக் கோணல்மாணலாக இருந்தால் திருடனுக்கு வேர்த்துவிடும் என்றார். வளையத்தைப் பிடித்து ஆட்டினால் லொடலொட என்று இருக்கக் கூடாது.
ஒவ்வொன்றாக ஆட்டி, பல் பார்த்து, சின்னதாக ஒன்று எடுத்தேன். தெருக்கதவுக்கா என்று கேட்டார். ஆமா, எங்க பக்கம் திருட்டு அதிகம் என்றேன்.
அப்போது நாக்கு கூசவில்லை. இதை எழுதும்போது கூசுகிறது. வீட்டில் இருப்பது நானும் அவளும். யார் திருடி?

ஜூன் 7
அலமாரிக் கதவில் கொண்டி வைத்து நானே ஸ்க்ரூ முடுக்கினேன். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. ஆனால் பூட்டு கச்சிதம்.
அவள் பட்டறையிலிருந்து வந்தாள். மர அலமாரி, பீரோவுக்கெல்லாம் கதவு மாட்டுகிற வேலை அவளுக்கு. அலமாரி முன்னால் நின்று பார்த்தாள். பூட்டைக்கூட இல்லை, கொண்டியைத்தான் பார்த்தாள். கை கழுவிவிட்டு எனக்குச் சோறு போட்டாள். நானும் சாப்பிட்டேனே. வெட்கங்கெட்ட ஜென்மம்.

ஜூன் 11
சாவி கழுத்துக் கயிற்றில். குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை.

ஜூன் 15
உடம்பு காய்கிறது என்று பாதி வேலையில் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவளுக்கு இன்று லீவு. அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்து, கதவு இடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து துடைப்பம் தேடுகிற மாதிரி தேடினாள்.
பூட்ட நோண்டினியா என்று கேட்டுவிட்டேன். இல்ல அண்ணி என்றாள். அதோடு விட்டேனா - அவள் கண்ணெதிரே பூட்டைத் திருப்பித் திருப்பிக் கீறல் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.
அவளுக்கும் அண்ணன்தானே.

ஜூன் 18
குளிக்கும்போது கயிறு அறுந்து சாவி சாக்கடைக்குள் போய்விட்டது. மாற்றுச் சாவி? பத்திரமாக இருக்கட்டும் என்று அலமாரிக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருக்கிறேன். அவளிடம்தான் போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும். எத்தனை நாள் ஆச்சு ரெண்டு பேரும் சிரித்து.
வேலைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் எடுத்தாள். பூட்டைத் தொடவேயில்லை. கொண்டியின் ஸ்க்ரூவைக் கழற்றினாள். பூட்டு பூட்டினபடியே கொண்டியோடு தொங்கியது. கதவு திறந்துகொண்டது.
"ஸ்க்ரூ எல்லாம் வெளியவே தெரியுது அண்ணி. கொண்டிய மூடினா உள்ள மறையணும்."
எப்போ பார்த்தாய் என்று கேட்டேன்.
"நீங்க மாட்டின அன்னிக்கே."
"அப்புறம் ஏன் தொறக்கல?"
"நீங்கதான் பூட்டியிருக்கீங்களே."
உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னத்த பூட்டினேன் நான்?

ஜூன் 19
காக்கிச் சட்டையை அவள் பாய்மேல் வைத்தேன்.

ஜூலை 2
பூட்டு இப்போது தெருக்கதவில். விற்றவரிடம் சொன்ன பொய் நிஜமாகிவிட்டது. கொண்டியை அவள்தான் மாட்டினாள், ஸ்க்ரூ மறைகிற மாதிரி. மாற்றுச் சாவியைக் காட்டி இன்னொன்று வெட்டி வாங்கினோம், ஆளுக்கு ஒரு சாவி.
காக்கியை மேலே போட்டுக்கொண்டுதான் பட்டறைக்குப் போகிறாள். இன்று வந்ததும் தயங்கித் தயங்கி, துவைக்கட்டுமா அண்ணி என்று கேட்டாள். குடு, நான் துவைக்கிறேன் என்று வாங்கினேன். முகத்தில் வைத்துப் பார்த்தேன். மரத்தூளும் அவள் வேர்வையும்தான்.
வாளியில் ஊறப்போட்டிருக்கிறேன்.